நான் படித்துச் சொன்ன திரைகள்

என் கணவரின் பார்வையில் நடுவே ஒரு கறை விழுந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவந்தபோது மகள் ஒன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தைய ஒரு வருடமாகவே அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருந்தார். கடைக்காரன் சரியாகப் போடவில்லை என்பார். வெளிச்சம் போதவில்லை என்று கூடத்து ட்யூப்லைட்டை மாற்றினார். எதிலும் சரியாகவில்லை.

அவர் சர்வர் நிறுவும் வேலை செய்தார். கம்பெனிகளும் ஓட்டல்களும் ஆஸ்பத்திரிகளும் தங்கள் கணக்கு, இருப்பு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாங்குவார்கள். அதுதான் சர்வர். சென்னையில் ஒரு டீலர் அதை விற்பார். பெட்டி லாரியில் போய் இறங்கும். அதற்குள் ஏற்றவேண்டிய மென்பொருள் டிஸ்க்குகளாகத் தனி உறையில் எங்கள் வீட்டுக்கு வரும். இவர் அந்த டிஸ்க்குகளை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் போட்டு, திரை கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, சர்வரை ஓடவிட்டுவிட்டு வருவார். தாம்பரத்துக்குத் தெற்கே அந்த டீலருக்கு இருந்த ஆள் இவர் ஒருவர்தான்.

உறைமேல் அச்சடித்த லைசென்ஸ் எண்ணை இவர் தப்புத் தப்பாக அடிக்கிறார் என்று ஓரிடத்திலிருந்து புகார் போனது. எட்டுக்கும் பி எழுத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அன்றைக்குத்தான் எழும்பூர் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, உட்காரவைத்து, இன்னொரு அறைக்கு அனுப்பி, படம் எடுத்து, கடைசியில் ஒரு பெண் டாக்டர் எங்கள் இருவரையும் எதிரில் உட்காரச் சொன்னார்.

"முழுசா இருட்டாயிடாது. ஓரத்துப் பார்வை இருக்கும். நடக்கலாம், பஸ் ஏறலாம், ஆளைக் கண்டுபிடிக்கலாம். நேரா பார்க்கறது மட்டும் போகும். படிக்கிறது கஷ்டமாகும்."

"ஆபரேஷன் இருக்குதுங்களா?" என்று நான் கேட்டேன்.

அவர் இல்லை என்று தலையசைத்தார். பிறவியிலேயே ரத்தத்தில் இருந்தது, இப்போதுதான் வெளியே வருகிறது என்றார்.

திரும்பும்போது மின்சார ரயிலில் இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள். எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்த பையனை இவர் பார்த்தார். இவர் அவனைப் பார்க்கிறார் என்று அவனுக்குத் தெரியவில்லை. தனக்குப் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சில மாதங்களாக இவர் என்னோடு பேசும்போதும் என் காதைப் பார்த்துத்தான் பேசுகிறார். ஏதோ கோபம், முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். காதைப் பார்த்தால்தான் என் முகம் தெரிந்திருக்கிறது.

 எங்கள் ஊரான செங்கல்பட்டில் இறங்கி நடக்கும்போது இவர் கேட்டார்.

"வியாழக்கெழம மறைமலைநகர்ல ஒரு வேல கீது. கூட வர்றியா?"

"நா வந்து இன்னா பண்ணப்போறேன்?"

"நீ படி. இன்னா பண்ணணும்னு நா சொல்றேன்."

நான் பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன் பஜாரில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்துவிடுவேன், அர்த்தம்தான் பாதி புரியாது. அந்தத் தைரியத்தில் போனேன்.

மறைமலைநகரில் அது கார்களுக்கு ரப்பர் பாகம் செய்கிற கம்பெனி. சர்வர் இருந்த அறை ஒரு குளியலறை அளவுதான். ஏசியில் உடம்பு நடுங்கியது. பெட்டியின் விசிறிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. கூட வந்த கம்பெனி ஆளிடம் இவர், "என் மிசஸ். வேல கத்துக்கறாங்க, அதான் வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன்" என்றார். அந்த ஆள் சிரித்து, நல்லது சார் என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார். இவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் என்று இருந்தது.

உறையைப் பிரித்து முதல் டிஸ்க்கை எடுத்தேன். அடியில் விரல் பதிந்துவிட்டது. இவர் அதைக் கையில் வாங்கி, சட்டை நுனியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்து, விளிம்பை மட்டும் பிடித்துத் திருப்பித் தந்தார். போட்டேன். உள்ளே அது சுழலும் சத்தம் கேட்டதும் இவர் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"இன்னா போட்டுகீது?"

படித்தேன். மொழி கேட்டது. சொன்னார். கீபோர்டு கேட்டது. சொன்னார். அப்புறம் ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்று ஒரு பக்கம் நிறையக் கேட்டது. நான் ஒவ்வொரு வரியாகத் தடுக்கித் தடுக்கிப் படித்தேன். நான் முடிப்பதற்குள்ளேயே அவருக்குத் தெரிந்துவிடும். "அதான் அதான். கீழ ரெண்டாவது வட்டத்த அமுக்கு. நெக்ஸ்ட் குடு." நான் அமுக்குவேன். அடுத்த திரை வரும். சர்வருக்குப் பெயர், நம்பர், கடிகாரம், பாஸ்வேர்டு. பிறகு ஒரு நீலக் கோடு மெல்ல மெல்ல வளரும். அது வளர்கிற நேரம்தான் எங்களுக்கு ஓய்வு.

"எவ்ளோ வந்துகீது?"

"பாதி."

"பயந்துட்டியா?"

"இல்ல. குளிருது."

சாயங்காலம் எல்லா டிஸ்க்கும் முடிந்து சர்வர் தானாக அணைந்து தானாக எழுந்தது. அந்தக் கம்பெனி ஆள் இருவருக்கும் கை கொடுத்தார். பஸ்ஸில் இவர் சந்தோஷமாக இருந்தார். நானும்தான்.  ஒரு வழி கிடைத்துவிட்டது, இப்படியே ஓட்டிவிடலாம் என்று நாங்கள் நிஜமாகவே நம்பினோம்.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சமையலறையை ஒட்டிய மேசையில் வைத்தார். மகள் பள்ளிக்குப் போனதும் பயிற்சி. டிஸ்க்கைப் போட்டு ஏற்றுவேன். முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதல் டிஸ்க்கிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். குழம்பு கொதிக்கும்போது நீலக் கோடு ஓடும். டிஸ்க் உறைகள்மேல் கனமான மார்க்கரில் ஒன்று, இரண்டு என்று பெரிதாக எழுதி வைத்தேன். கொஞ்ச நாள் அந்த எழுத்தை அவர் ஓரக்கண்ணால் படித்தார். பிறகு அதுவும் முடியவில்லை.

வேலை தொடர்ந்து வந்தது. ஊரப்பாக்கத்தில் ஒரு மருந்து மொத்த வியாபாரி, கல்பாக்கம் போகிற வழியில் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனி, செங்கல்பட்டிலேயே இரண்டு மூன்று இடங்கள். இறால் கம்பெனியில்தான் அது நடந்தது. கணக்குகளையெல்லாம் சேர்த்துவைக்கிற டேட்டாபேஸ் டிஸ்க்கைப் போட்டிருந்தேன். வழக்கமான திரை வந்தது. அவர் கேட்பதற்கு முன்பே என் விரல் நெக்ஸ்ட்டை அமுக்கிவிட்டது. அடுத்ததையும் அமுக்கினேன். டிஸ்க் சுழலும் சத்தம் மாறியதை அவர் கேட்டுவிட்டார்.

"நீயே அடிச்சிட்டியா?"

"எப்பவும் அடிக்கறதுதானே..."

"ம்."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபம் இல்லை. ஆனால் அதன் பிறகு அன்று முழுவதும், தெரிந்த திரையாக இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டிவிட்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நெக்ஸ்ட் என்று சொன்ன பிறகுதான் அமுக்கினேன். அது தேவையில்லை என்று அவருக்கும் தெரியும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி ஒரு புது ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள். திறப்பு விழா நெருங்கிவிட்டது. அறைகளும் உணவகமும் கணக்கும் எல்லாம் ஒரே சர்வரில் ஓடவேண்டும். டீலருக்கு அது பெரிய ஆர்டர். டிஸ்க்குகளும் வழக்கத்தைவிடக் கனமான பெட்டியில் வந்தன. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். இவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

ரிசார்ட் மேலாளர் இளவயசுக்காரர், மரியாதையான ஆள். சர்வர் அறையில் கடல் சத்தம் கேட்கவில்லை, ஆனால் கதவைத் திறந்தாலே மூக்கில் உப்பு ஏறும். முதல் டிஸ்க் நல்லபடியாகப் போனது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டேட்டாபேஸ் டிஸ்க்கைப் போட்டேன். மேலாளரும் அவருடைய கணக்காளரும் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

திரை வந்தது. நான் பார்த்திராத திரை. நிறம்கூட வேறு.

"இன்னா போட்டுகீது?"

படிக்க ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வேணாம். நமக்கு வேண்டியத மட்டும் எடுத்துக்க கீழ கஸ்டம்னு ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கு."

"இல்லீங்க."

"வலப்பக்கம் பாரு."

"பாத்துட்டேங்க. அப்டி ஒண்ணுமே இல்ல."

"எப்படி இல்லாம போவும்? ஒழுங்கா படி!"

அவர் என்னை அதட்டியதே கிடையாது.  மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். இடையில் இரண்டு சொற்களைத் தப்பாகப் படித்தேன். பின்னால் நின்ற மேலாளர், "சார், நீங்களே ஒரு தடவை பாருங்களேன்" என்றார். ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னார்.

இவர் எழுந்து வந்தார். திரைக்கு மிகப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். பிறகு, எழுத்தைப் பிடிப்பதற்காக, தலையை ஒரு பக்கமாகத் திருப்பினார். திரை இந்தப் பக்கம், அவர் முகம் சுவரைப் பார்த்து அந்தப் பக்கம். அப்படியே நின்றார். இடது, வலது, மறுபடி இடது.  கணக்காளர் மெல்ல வெளியே போய்விட்டார்.

நிமிர்ந்து, மேலாளர் இருந்த திசையில் திரும்பி இவர் சொன்னார்: "எனக்கு எழுத்து தெரியாதுங்க. கண்ணு போயிடுச்சி. இத்தினி நாளா இவதான் படிச்சிகினு இருந்தா."

"சார், நா டீலருக்கு ஒரு போன் பண்ணணும்" என்றார் மேலாளர். "தப்பா எடுத்துக்காதீங்க."

"பண்ணுங்க. அதான் முறை."

இவர் கதவைத் தடவித் திறந்துகொண்டு வெளியே போனார். நானும் பின்னால் ஓடினேன். கட்டிடத்துக்கும் மணலுக்கும் நடுவில் கொஞ்சம் சவுக்கு மரங்களை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அங்கே கட்டுமானத்துக்கு வந்த ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் சிமெண்ட் பட்டிருந்தது.

"வாங்க, இன்னொரு தரம் மெதுவா படிக்கிறேன். சேந்து பாக்கலாம்."

"எனக்குத் தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியாததா?"

"இது புதுசு. இத நா பாத்தது இல்ல." கடல் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நீ படிக்கிறப்போ எனக்கு உள்ள அந்த ஸ்கிரீன் தெரியும். எந்த எடத்துல எந்த பட்டன்னு எல்லாம் தெரியும். எல்லாம் கண்ணு இருந்தப்போ பாத்தது. இனிமே எது புதுசா வந்தாலும் எனக்கு உள்ள ஒண்ணும் வராது. நீ எவ்ளோ நல்லா படிச்சாலும் வராது."

அலை ஒன்று வந்து போனது. நான் அவர் தோளைத் தொட்டேன். அவர் என் கையை எடுத்துவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"நீ போ. போட்ட டிஸ்க்க அப்டியே வுடக்கூடாது" என்றார்.

நான் அழுதுகொண்டேதான் உள்ளே போனேன். மேலாளர் போனைக் காதில் வைத்திருந்தார். டீலர்தான். மேலாளர் என்னைப் பார்த்து, "உங்களால முடிக்க முடியுமான்னு கேக்கறார்" என்றார். திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

திரையை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை எனக்காகப் படித்தேன். அதுவரை நான் அப்படிப் படித்ததே இல்லை. அவர் காதில் போய்ச் சேரவேண்டும் என்றுதான் படித்திருக்கிறேன். இந்த சர்வர் என்னென்ன வேலைகள் செய்யப்போகிறது என்று அது கேட்டது. கீழே ஒரு வரிசை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்தின்மேல் நின்றாலும் பக்கத்தில் அதற்கு விளக்கம் வந்தது. புரியாத சொல்லுக்கு மேலாளர் அர்த்தம் சொன்னார். எங்களுக்கு வேண்டிய இரண்டு கட்டங்களில் டிக் போட்டேன். பழைய திரைகள் கேட்ட அதே கேள்விதான், வேறு விதமாகக் கேட்டிருக்கிறது என்று அப்புறம்தான் பிடிபட்டது. நெக்ஸ்ட் அமுக்கினேன். நீலக் கோட்டுக்குப் பதில் ஒரு பச்சைக் கோடு ஓடியது.

வேலை முடிந்து வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இவர் அதே கல்லில் இருந்தார்.

"முடிஞ்சிச்சிங்க."

"இன்னா கேட்டுது?"

சொன்னேன். கட்டங்களைப் பற்றி, விளக்கத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "சரியாத்தான் பண்ணிகீற" என்றார். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாரா, தூங்குவதுபோல இருந்தாரா தெரியாது.

டீலர் நல்லவராகத்தான் நடந்துகொண்டார். வேலையை என் பெயருக்கு மாற்றினார். முதலில் சின்னச் சின்ன இடங்களுக்கு அனுப்பினார், பிறகு பெரிய இடங்களுக்கும். இவர் கூட வருவதை நிறுத்திவிட்டார். நான் கூப்பிட்டேன். "நா வந்தா உனக்கு எடைஞ்சல்" என்றார். கொஞ்ச நாள் வீட்டுக்குத் திரும்பியதும் எந்தத் திரை வந்தது, நீ என்ன சொன்னாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் களைத்துப்போய் வந்தாலும் எல்லாம் சொல்வேன். புதிய பதிப்புகள் வர வர, நான் சொல்வதில் அவருக்குத் தெரியாத பெயர்கள் கூடிக்கொண்டே போயின. ஒருநாள் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் மென்பொருள் இருக்கிறது என்று யாரோ சொல்லி, அதற்குள் வளர்ந்துவிட்ட மகள் அதைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். அது இயந்திரக் குரலில் கடகடவென்று இங்கிலீஷ் பேசியது. ஒரு வாரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு ஹெட்போனைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டார். 

போன் மட்டும் இருந்தது. அவர் முன்பு நிறுவிய இடங்களிலிருந்து அவருக்குத்தான் கூப்பிடுவார்கள். சர்வர் எழவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பிரிண்டர் தெரியவில்லை. இவர் கூடத்தில் நின்றபடி, "இப்ப இன்னா போட்டுகீது? படிங்க" என்பார். அந்த முனையில் யாரோ படிப்பார்கள். "அதான். எஃப் எட்டு அமுக்குங்க" என்பார். சமையலறையில் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நேரங்களில் அவர் குரல் பழைய குரலாக இருக்கும்.

பழைய சர்வர்களுக்கும் வயதாகத்தானே செய்யும். ஒவ்வொரு இடமாகப் புதியது வாங்கினார்கள். பல இடங்களில் புதியதை நிறுவப் போனவள் நான்தான். பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அதை அணைப்பேன். அந்த இடத்திலிருந்து அவருக்கு வரும் போன் அதோடு நின்றுபோகும். இதை நான் ஒருபோதும் அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. இப்போது டிஸ்க்குகளே வருவதில்லை. எல்லாம் இணையத்திலிருந்து இறங்கிவிடுகிறது. மகள் காலேஜ் முடிக்கப்போகிறாள்.

அவருடைய சர்வர்களில் கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது செங்கல்பட்டை அடுத்த ஆத்தூர் பக்கம் ஒரு அரிசி ஆலையில். அதை மாற்றுவது என்று போன மாதம் முடிவானது. அந்த சர்வர் வந்த பிறகு ஆலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண் என்னிடம், "உங்க வீட்டுக்காரரையும் கூட்டினு வாங்கக்கா. இத்தினி வருசமா போன்ல கொரல கேட்டுகினு கீறோம், ஆள பாத்ததே இல்ல" என்றாள். சொன்னேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். போகவேண்டிய நாளன்று காலையில் இவர் ஷேவ் செய்துகொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து சொன்னார்: "நீ போய்ட்டு வா. நா வர்ல."

"அவங்க எதிர்பாத்துகினு இருப்பாங்க."

"ஒடம்பு சரியில்லனு சொல்லிடு."

கண்டக்டர் விசில் கொடுத்தார். ஏறிவிட்டேன். ஆலையில் அந்தப் பெண் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். காய்ச்சல் என்றேன். பழையது கடைசித் தடவை அணையும்போது அதன் விசிறி நிற்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. புதியதில் எல்லாம் சரியாக ஓடியது.

சாயங்காலம் செங்கல்பட்டில் இறங்கினால், காலையில் விட்ட இடத்துக்குப் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சில் இவர் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகிற வழி அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் தனியாகப் போய்ப் பால் வாங்கி வருகிறவர்.

"வூட்டுக்குப் போவலியா நீங்க?"

"போலாம்னுதான் இருந்தேன்."

"சாப்டீங்களா?"

"டீ குடிச்சேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ்கள் வந்தன, போயின. எங்களுக்கு எந்த பஸ்ஸும் பிடிக்கவேண்டியதில்லை. அவர் என் பக்கம் திரும்பி, "எல்லாம் ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுதுங்க" என்றேன்.

சரி என்று எழுந்தார். பக்கத்து ஓட்டலில் இட்லி பார்சல் வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனோம்.  சாலையைக் கடக்கும்போது மட்டும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.